எட்டுப் பேர், ஒரு வரைபடம்: சேர்ந்து அடிப்பதற்கு எந்த விதி?

திருகோணமலையில் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு விதி எழுத வேண்டியிருக்கிறது. பாடசாலை விடுமுறையில் சின்னதாக ஒரு போட்டியும் வைக்க எண்ணியிருக்கிறோம், அதற்குள் இது முடிவாக வேண்டும். விளையாடுவது ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம், ஆளுக்கொரு நாட்டைக் கட்டிப் படை திரட்டி மோதுகிற கணினி விளையாட்டு. 1999இல் வந்தது. 2019இல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். 2022இல் திராவிடர் என்ற தரப்பையும் இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் கூட்டம் பெருத்தது. ஒரு வரைபடத்தில் எட்டுப் பேர் வரை இறங்கலாம். எட்டு மடிக்கணினி, ஒரு ரவுட்டர், நீள மேசை, இரண்டு மின்விசிறி இருந்தால் போதும். ஆள் சேர்ப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. திரும்பத் திரும்ப வருகிற சண்டை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டு ஒருவனை அடிப்பது நியாயமா?

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். சேர்ந்து அடிப்பது தப்பில்லை. போர் விளையாட்டில் பேச்சும் ஒரு ஆயுதம்தான். ஆனால் வரைபடம் திறக்கும் முன்பே சேர்ந்து வந்துவிட்டு, திறந்த பிறகு தனித்தனி ஆட்கள் போல நடிப்பது அளாப்பி. ஆட்டத்துக்குள் என்ன நடந்தாலும் உடையாத கூட்டு ஒன்றை எதிர்த்து விளையாடுகிறவனுக்கு, தான் எதை எதிர்த்து விளையாடுகிறேன் என்பதே தெரியாது. கீழே ஒப்பிடுகிற வழிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணால்தான் பார்க்கிறேன்.

இரண்டுக்கு ஒன்று ஏன் இவ்வளவு பாரம்

தோற்றவன் அழுகிறான், அவ்வளவுதானே என்று தட்டிவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1916இல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டு படைகளும் தூரத்தில் நின்று குறிபார்த்து அடிக்கக்கூடியவை, ஆளுக்கு ஆள் சமம் என்று வைத்துக்கொண்டால், படையின் வலு அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. எங்கள் ஆட்டத்தின் வில்லாளிகளை வைத்துப் பார்ப்போம். 50 பேரும் 50 பேரும் மோதினால் இரண்டு பக்கமும் ஏறக்குறையத் துடைத்துப் போகும். இரண்டு ஆட்கள் தலா 50 வில்லாளிகளைக் கொண்டுவந்து, ஒரே நேரத்தில் மூன்றாமவனின் 50ஐ அடித்தால்? 100இன் வர்க்கத்திலிருந்து 50இன் வர்க்கத்தைக் கழித்தால் 7500. அதன் வர்க்கமூலம் 86.6. அதாவது, அடித்தவர்களின் நூறில் 86 பேராவது உயிரோடு நிற்பார்கள். ஆளுக்கு ஏழு பேர் நட்டம். அடிபட்டவனுக்கு ஐம்பதும் போச்சு.

அதே இருவரும் ஒருவர் வந்து முடிந்த பிறகு மற்றவர் வந்திருந்தால், முதலில் வந்தவனின் ஐம்பதும் அவனுடைய ஐம்பதோடு சேர்ந்து அழிந்திருக்கும். மேடு பள்ளம், கவசம், கொல்லன் பட்டறையில் வாங்கிய மேம்பாடுகள் என்று உண்மையான ஆட்டத்தில் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும், வாள்வீரர்கள் கைகலக்கும்போது இந்த வர்க்கக் கணக்கு அப்படியே பொருந்தவும் மாட்டாது. ஆனாலும் சாரம் மாறாது. கூட்டின் பலம் தலை எண்ணிக்கையில் இருப்பதைவிட, ஒரே நேரத்தில் வந்து சேர்வதில் இருக்கிறது. ஒரே நேரத்தில் வர வேண்டுமென்றால் முன்கூட்டிக் கதைத்திருக்க வேண்டும். அந்தக் கதை எங்கே, எப்போது, யாருக்கு முன்னால் நடந்தது என்பதில்தான் நியாயம், அநியாயம் இரண்டும் கிடக்கின்றன.

இன்னொரு கணக்கு, கெட்டிக்காரர்களுக்காக. எங்கள் கூட்டத்தில் நன்றாக விளையாடுகிற இருவர் இருக்கிறார்கள். "எப்ப பார்த்தாலும் எங்களுக்குத்தான் எல்லாரும் சேர்ந்து அடிக்கிறாங்கள், பொறாமை" என்பது அவர்களின் நிரந்தர முறைப்பாடு. மூவர் துப்பாக்கிச் சண்டை என்று விளையாட்டுக் கோட்பாட்டில் ஒரு பழைய புதிர் உண்டு. முதலாமவன் மூன்று வெடியில் ஒன்றைத்தான் குறியில் வைப்பான். இரண்டாமவன் மூன்றில் இரண்டு. மூன்றாமவனுக்குக் குறி தப்பவே தப்பாது. மோசமானவன் முதலில், பிறகு நடுத்தரம், பிறகு கெட்டிக்காரன் என்ற வரிசையில் சுடுகிறார்கள். முதலாமவனுக்கு நல்ல வழி எது? ஆகாயத்தை நோக்கிச் சுடுவது. அப்போது இரண்டாமவன் தன் உயிருக்காகக் கெட்டிக்காரனைத்தான் சுட்டாக வேண்டும். போட்டுப் பார்த்தால் மோசமான குறிகாரன் பிழைக்கும் வாய்ப்பு 63இல் 25, நடுத்தரக்காரனுக்கு 24, தப்பாத குறிகாரனுக்கு வெறும் 14. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமலே, யாரும் யாரோடும் கூட்டுச் சேராமலே, பெரும்பாலும் கெட்டிக்காரன்தான் முதலில் விழுகிறான்.

ஆகவே முன்னணியில் இருப்பவன்மேல் மற்றவர்கள் பாய்வதை அநியாயம் என்று நான் ஏற்க மாட்டேன். பாயாவிட்டால் அவன் வெல்வான், மற்ற ஏழு பேரும் இரண்டு மணித்தியாலம் பார்வையாளர்களாக இருப்பார்கள். என்னைத் தொந்தரவு செய்வது வேறு வகையான கூட்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

எல்லாரும் தனித்தனி: தடை செய்வதா, திறந்து விடுவதா

முதல் வழி, தனித்தனி ஆட்டத்தில் கூட்டுச் சேரவே கூடாது என்று தடை போடுவது. பப்ஜி மொபைலில் தனியாள் ஆட்டத்துக்குள் நண்பர்கள் சேர்ந்து திரிந்தால் டீமிங் என்று சொல்லிக் கணக்கையே முடக்குவார்கள். அதைப் பழகிய பெடியளுக்கு இந்தத் தடை இயல்பாகப் படுகிறது. எங்கள் ஆட்டத்திலும், தொடங்கும் முன் எல்லாரும் கூடும் லொபி என்ற திரையில் லொக் டீம்ஸ் என்பதை அழுத்திவிட்டால், ஆட்டத்தின் நடுவில் யாரும் யாரையும் நட்பு நாடாக மாற்ற முடியாது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் கணினி தடுப்பது பொத்தானை மட்டும். பக்கத்துப் பக்கத்து மூலையில் பிறந்த இருவர், "நீ என்ர பக்கம் வராதை, நான் உன்ர பக்கம் வரமாட்டன்" என்று கண்ணாலேயே பேசி முடித்துவிடலாம். ஆட்டத்தில் ஆளுக்கொரு நிறம். சிவப்பு மேற்கிலிருந்து நீலத்தை அடிக்கும்போது, பச்சை கிழக்கிலிருந்து வந்து தன் பங்கை அடிக்கிறது. இது கூட்டா, சமயம் பார்த்த கெட்டித்தனமா? பதிவான ஆட்டத்தை முழு வரைபடமும் திறந்தபடி ஓட்டிப் பார்க்கலாம்தான். படைகள் எப்போது கிளம்பின என்று அதில் தெரியும். எதற்குக் கிளம்பின என்பது தெரியாது. நடுவராக இருப்பவர் மனத்தை வாசிக்க வேண்டிய நிலை. அப்படி எழுதிய விதி, உரத்த குரல் உள்ளவனின் கைக்குப் போய்விடும்.

இன்னொரு குறையும் உண்டு. எளியவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் வாய். அவன் ஓடிப்போய், "அண்ணா, செம்மஞ்சள் என்னை முடிச்சால் அடுத்தது நீங்கள்தான், கொஞ்சம் ஆள் அனுப்புங்கோ" என்று கேட்கும் உரிமையைப் பறித்துவிட்டால், யார் வெல்வார் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, முழுக்கத் திறந்து விடுவது. பேசலாம், சேரலாம், முறிக்கலாம், ஏய்க்கலாம், கடைசியில் ஒருவன்தான். இந்தப் பாணியின் தாய்வீடு டிப்ளோமசி என்ற பலகை விளையாட்டு. ஆலன் கல்ஹாமர் உருவாக்கி 1959இல் விற்பனைக்கு வந்தது. முதலாம் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள், 34 வழங்கல் மையங்கள், 18ஐப் பிடித்தவன் வெற்றி. பகடை கிடையாது. எல்லாரும் கட்டளையை எழுதி வைத்து ஒரே நேரத்தில் திறப்பார்கள். கொடுத்த வாக்கு எவரையும் கட்டாது. அங்கே முதுகில் குத்தியதற்காக யாரும் நியாயம் கேட்க முடியாது, ஏனென்றால் ஏழு பேரும் அதைத் தெரிந்துகொண்டுதான் உட்காருகிறார்கள்.

எங்கள் ஆட்டத்திலும் அதற்கு வசதி உண்டு. நட்பு, நடுநிலை, பகை என்ற மூன்று நிலையையும் ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து தனித்தனியே வைக்கலாம். நான் உங்களை நட்பு என்று வைத்திருக்கிறேன் என்பதால் நீங்களும் என்னை அப்படி வைத்திருக்க வேண்டியதில்லை. கூட்டாளியின் படைக்கு நம் மதில் வாசல் தானாகவே திறக்கும். உள்ளே வந்த பிறகு அவர் பகை என்று மாற்றினால், மதிலுக்குள்ளேயே சண்டை. இந்த ஊர்க்காரருக்கு இதில் புதினம் இல்லை. 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் கூட்டுச் சேர்ந்துதான் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் விழுந்து போர்த்துக்கேயர் இலங்கையைவிட்டுப் போனபோது, அவர்கள் ஆண்ட கரையோரத்தின் பெரும்பகுதி கூட்டாளியான ஒல்லாந்தரின் பிடியில் இருந்தது. மூவரில் ஒருவரை வெளியேற்றிய பிறகு மிஞ்சும் இருவரில் யாருக்குக் கடல் கிடைக்கும் என்று முதலே யோசிக்காதவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

திறந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கும். பெரியவர்கள் எட்டுப் பேர், நேரமும் இருக்கிறது என்றால் அதைவிடச் சுவையானது இல்லை. ஆனால் எங்கள் மேசையில் அதற்குக் கொடுக்கிற விலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற தம்பி ஒருவன், ஊதா நிறம். அவன் முன்னணியிலும் இல்லை, யாரோடும் வம்புக்கும் போகவில்லை. பண்ணைகளை நகர மையத்தைச் சுற்றி வரிசையாகப் போட்டு, மதிலைக் கட்டி முடித்து, மதிலில் ஒரு இடத்தில் மரம் நின்றதால் அங்கே கல் வைக்கத் தேவையில்லை என்று கணக்குப் பார்த்து மிச்சம் பிடித்திருந்தான். இடமும் வலமும் இருந்த இருவர், ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள், மரத்தை வெட்டி அந்த ஓட்டையால் வந்தார்கள். 25 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. தம்பி மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்துவிட்டு, "அண்ணா, நான் என்ன செய்தனான்?" என்று கேட்டான். ஒருவரிடமும் பதில் இல்லை. அவன் செய்தது, பக்கத்தில் இருந்ததும் எளியவனாக இருந்ததும்தான். அதன் பிறகு அந்த ஆட்டம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

நான் மேலே சொன்ன வேறு வகையான கூட்டு இதுதான். முன்னணிக்காரனை இழுத்து நிறுத்தச் சேர்கிற கூட்டு ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறது. இளைத்தவனைப் பங்குபோடச் சேர்கிற கூட்டு, பங்குபோட்ட இருவருக்கும் நிலத்தையும் தங்கத்தையும் கொடுத்து அவர்களை எட்ட முடியாதவர்களாக்குகிறது, ஆட்டத்தை அங்கேயே கொன்றும் விடுகிறது. முழுக்கத் திறந்து விட்டால் இரண்டாவது வகைதான் அதிகம் வரும், ஏனென்றால் அதில் ஆபத்துக் குறைவு. கடைசியில் கிங்மேக்கர் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தான் வெல்ல முடியாது என்று தெரிந்தவன், யாரை வெல்ல வைப்பது என்று முடிவு செய்கிறான். அந்த முடிவு பெரும்பாலும் போன வாரக் கோபத்திலிருந்து வருகிறது.

நேரமும் ஒரு காரணம். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வருகிற பெடியள் பஸ் பார்த்துப் போக வேண்டும். எப்போது முடியும் என்று சொல்ல முடியாத ஆட்டத்தில், பஸ்ஸுக்கு எழும்புகிறவனின் நாடு நடுவழியில் அனாதையாகும், பக்கத்தில் இருப்பவனுக்கு அது இனாம்.

பகிரங்கக் கூட்டு

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கூட்டுச் சேரலாம், ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி மட்டும். ஆட்டத்துக்குள் எல்லாரும் பார்க்கிற பொது அரட்டையில் எழுதி அறிவிக்க வேண்டும். ஒரு கூட்டில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. முறிக்கலாம், முறித்த கணமே நிலையைப் பகை என்று மாற்ற வேண்டும். கூட்டு வெற்றி கிடையாது, வெல்வது ஒருவர்.

கடைசி நிபந்தனையை யாரும் சின்னதாக எடுக்க வேண்டாம். கூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பரிசுதான். இரண்டாம் இடத்துக்கும் ஏதாவது கொடுத்தால், முதலே சேர்ந்த இருவர் கடைசிவரை பிரிய மாட்டார்கள், ஒருவனுக்கு முதலாவது, மற்றவனுக்கு இரண்டாவது என்று பேசி முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு பரிசு என்றால், நால்வர் மிஞ்சும்போதே ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவரை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்குவார். அந்தச் சந்தேகம் ஆட்டத்துக்கு நல்லது. அதுதான் மூன்றாமவனுக்கு வாசலைத் திறந்து கொடுக்கிறது.

ஆட்டத்தை உருவாக்கியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள் என்பது சந்தைக் கட்டடத்தைப் பார்த்தால் விளங்கும். ஒருவர் மற்றவருக்கு உணவோ தங்கமோ அனுப்பினால் தொடக்கத்தில் 30 வீதம் கட்டணமாகப் போய்விடும். நாணய முறை ஆய்வு செய்தால் 20 வீதமாகக் குறையும், வங்கி முறை வந்த பிறகுதான் முழுதாகப் போய்ச் சேரும். அதாவது கூட்டுக்கு ஒரு வரி இருக்கிறது, அந்த வரியைக் குறைக்கவும் செலவழிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று இதில் இன்னொரு விடயம் இருக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். மேசையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியள் மூன்று பகுதியும் இருக்கிறார்கள். உவர்மலை, அன்புவழிபுரம், சீனக்குடா, கிண்ணியா என்று இடமும் வேறு, பாடசாலையும் வேறு. இருவர் தமிழில் வேகமாகக் கதைத்துக்கொண்டு படையை நகர்த்தும்போது, தமிழ் விளங்காத மூன்றாமவனுக்கு அது சதியாகத்தான் கேட்கும், அவர்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தாலும்கூட. இரண்டு பேர் சிங்களத்தில் கதைக்கும்போது எங்கட பெடியனுக்கும் அதே நிலைதான். அப்படி ஒருவன் இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து முதலில் விழுந்தால், அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிற கதை விளையாட்டைப் பற்றியதாக இராது. இந்த ஊர் அந்த மாதிரிக் கதைகளுக்குக் கொடுத்த விலை போதும். ஆகவே கூட்டு எந்த மொழியில் பேசப்பட்டாலும், அறிவிப்பு மேசையில் உள்ள எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "சிவப்பும் மஞ்சளும் நட்பு" என்று எழுத இரண்டு நிறமும் ஒரு சொல்லும் போதும்.

அணியாக, அல்லது ஒருவருக்கு ஒருவர்

முன்னூற்றி நாலு சீட்டாட்டம் விளையாடுகிற ஊரில் அணி ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. யார் யாரோடு என்பது சீட்டுப் போடும் முன்பே எல்லாருக்கும் தெரியும். சோடிக்குச் சைகை காட்டினால் மட்டும்தான் சண்டை வரும். சோடி சேர்ந்து எதிரியின் துரும்பை உருவுவதை அநியாயம் என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கேரம் இரட்டையர் ஆட்டமும் அப்படித்தான்.

இரண்டுக்கு இரண்டு, அல்லது நாலுக்கு நாலு என்று அணி பிரித்துப் பூட்டிவிட்டால், சேர்ந்து அடிப்பது ஒளிக்க வேண்டிய காரியமாக இல்லாமல், கற்றுக்கொள்ள வேண்டிய திறமையாகிறது. இருவர் சேர்ந்து என்னை அடிக்கும் அந்த நேரத்தில் என் சோடி சும்மா இருக்கவில்லை. அவர்களில் ஒருவரின் வீடு காவலில்லாமல் கிடக்கிறது, அங்கே போகலாம், அல்லது எனக்கு உணவு அனுப்பலாம். லான்செஸ்டர் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக வேலை செய்கிறது. புதிதாக வந்த தம்பிக்கும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், "குதிரைக்கு ஈட்டிக்காரன் போடு" என்று சொல்லிக் கொடுக்க.

குறை, அணி சமமில்லாமல் போவது. கெட்டிக்காரர் இருவரும் ஒரு பக்கம் விழுந்தால் ஆட்டம் தொடங்கும்போதே முடிந்தது. இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. எட்டுப் பேரையும் அண்மைய ஆட்டங்களை வைத்து 1 முதல் 8 வரை வரிசைப்படுத்துங்கள். சோடி என்றால் 1ஓடு 8, 2ஓடு 7, 3ஓடு 6, 4ஓடு 5. ஒவ்வொரு சோடிக்கும் கூட்டுத்தொகை 9. நாலுக்கு நாலு என்றால் 1, 8, 4, 5 ஒரு பக்கம், 2, 7, 3, 6 மறுபக்கம், இரண்டும் 18. ஆட்களின் திறமை இப்படி நேர்கோட்டில் இருக்காதுதான், ஆனால் முதலாமவனும் இரண்டாமவனும் எதிரெதிர்ப் பக்கம் என்பது உறுதி. வாரா வாரம் வரிசை மாறும், சோடியும் மாறும். ஒரே ஒழுங்கைக்காரர் இருவர் இந்த வாரம் எதிரெதிரே உட்காருவார்கள், கிண்ணியாக்காரனும் உவர்மலைக்காரனும் அடுத்த வாரம் ஒரே பக்கம். அது எனக்கு வேண்டும். திறமை அதிகம் வித்தியாசமில்லாத நாட்களில் வரிசை எழுதாமல் திருவுளச் சீட்டு எடுத்தாலே போதும்.

ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் சேர்ந்து அடிக்க மூன்றாமவனே இல்லை, ஆகவே அதுதான் சுத்தமான நியாயம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஒரு ஆட்டத்துக்குள் அது சரி. ஆனால் பல ஆட்டங்கள் சேர்ந்து ஒரு புள்ளிப் பட்டியலாகும்போது கூட்டுச் சேர்வது பின்கதவால் வந்துவிடும். சதுரங்கத்தில் 1962ஆம் ஆண்டு குராசோ தீவில் நடந்த கண்டிடேட்ஸ் போட்டியை எடுத்துப் பாருங்கள், உலகச் சம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற போட்டி அது. சோவியத் வீரர்களான பெட்ரோசியான், கெல்லர், கெரஸ் மூவரும் தங்களுக்குள் விளையாடிய 12 ஆட்டமும் சமநிலை, பெரும்பாலானவை சீக்கிரமே முடிந்தவை. அவர்கள் ஒருவரோடொருவர் இளைப்பாறிவிட்டு மற்றவர்களோடு மட்டும் முழுமூச்சாக மோதினார்கள் என்று அதே போட்டியில் விளையாடிய அமெரிக்க வீரர் பொபி பிஷர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். அடுத்த சுற்றிலிருந்து, 1965இல், எல்லாரும் எல்லாரோடும் என்ற முறையைக் கைவிட்டு நொக்கவுட் முறைக்குப் போனார்கள். காற்பந்தில் 1982 உலகக் கிண்ணம். மேற்கு ஜேர்மனி ஒஸ்ட்ரியாவை 1-0 என்று வென்றால் இரண்டு அணிக்கும் அடுத்த சுற்று, முதல் நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது, மிச்ச நேரம் பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது.

எங்கள் அளவில் இன்னொரு கணக்கும் இடிக்கிறது. எட்டுப் பேர் எல்லாரும் எல்லாரோடும் மோதினால் 28 ஆட்டம். ஒரே நேரத்தில் நாலு நாலாக நடத்தினாலும் ஏழு சுற்று, சுற்றுக்கு 40 நிமிடம் வைத்தால் 4 மணி 40 நிமிடம். நொக்கவுட் என்றால் மூன்றே சுற்று, ஆனால் நாலு பேர் முதல் சுற்றோடு சும்மா. எளியவன் ஏழு முறை தனியாகத் தோற்பது, ஒருமுறை கூட்டாக அடிவாங்குவதைவிட நல்லதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

விளையாட்டையே மாற்றலாம் என்றும் ஒருவர் சொன்னார். கனடாவிலிருந்து வந்த உறவுக்காரர் விட்டுப்போன கட்டான் என்ற பலகை விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலும் எல்லாரும் சேர்ந்து ஒருவனோடு பண்டமாற்றுச் செய்யாமல் விடலாம், 7 விழுந்தால் கொள்ளைக்காரனை அவன் நிலத்தில் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் யாரும் வெளியே போவதில்லை, பத்துப் புள்ளி வரும்வரை எல்லாரும் மேசையில்தான். மழை நாளுக்கு, மின்சாரம் போன நாளுக்கு நல்லது. மூன்று நாலு பேருக்கு மேல் அந்தப் பெட்டி தாங்காது.

என் பரிந்துரை

வழமையான சனிக்கிழமைக்கு அணி ஆட்டம், வரிசைப்படி பிரித்தது, அணியைப் பூட்டி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விடுமுறைப் போட்டிக்கு இரண்டுக்கு இரண்டு. நாலு சோடி, எல்லாரும் எல்லாரோடும் என்றால் ஆறு ஆட்டம், இரண்டிரண்டாக நடத்த மூன்று சுற்று, மதியம் தொடங்கினால் பஸ்ஸுக்கு முன் முடியும். கடைசிச் சுற்றின் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், அல்ஜீரியாவின் கதை இங்கே வேண்டாம். சகோதரர்கள் ஒரே சோடியில் வரட்டும், வேறு சோடியில் போட்டால் அவர்களைச் சந்தேகத்துக்கு ஆளாக்குவது நாங்கள்தான்.

தனித்தனி ஆட்டத்தை முழுக்க விட்டுவிட எனக்கு மனமில்லை. பேசிச் சமாளிக்கவும், நம்பலாமா விடலாமா என்று எடைபோடவும் வேறெந்த ஆட்டமும் அப்படிக் கற்றுத் தருவதில்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், பகிரங்கக் கூட்டு விதியோடு, வெற்றியாளர் ஒருவரோடு. ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் அந்த ஆட்டத்தில் சேர்ந்து இறங்கக் கூடாது. புதிய பதிப்பில் ட்ரீட்டி என்றொரு அமைப்பு இருக்கிறது, குறித்த நேரம்வரை யாரும் யாரையும் தாக்க முடியாது. அதைப் போட்டுவிட்டால், மரம் நின்ற இடத்தையும் பார்த்து மதில் கட்ட ஊதாத் தம்பிக்கு அவகாசம் கிடைக்கும். முதலில் தோற்கிற இருவர் காத்திருக்கத் தேவையில்லை, அந்த இரண்டு மடிக்கணினியிலும் உடனே புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கலாம். மடிக்கணினிகள் முதுகோடு முதுகாக இருக்க வேண்டும், பக்கத்துத் திரை கண்ணில் படாதபடி.

விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். மாற்றம் வேண்டுமென்பவர்கள் சீட்டு எடுக்கும் முன் சொல்லுங்கள். சீட்டு எடுத்த பிறகு சொல்வது அடுத்த வாரத்துக்கு.